பச்சையாய் ஒரு சிப்பி

…பூரான் என்றால் கடிவாய் இருக்க வேண்டுமே, இரண்டு புள்ளியாவது தெரிய வேண்டுமே, கம்பவுண்டர் டார்ச் அடித்து விரல் இடுக்கெல்லாம் பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டார், கணுக்காலிலிருந்து தொடைவரைக்கும் ஒரு கீறல் இல்லை, முள் குத்தின தடம்கூட இல்லை, அப்படியானால் வெளியேயிருந்து வந்தது இல்லை, உள்ளேயிருந்து வந்திருக்கிறது, உள்ளேயிருந்து என்றால்… ரீத்தா அந்த நினைப்பை அங்கேயே நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தாள். கப்பல் வந்து நின்றிருந்தது. ஹட் பே கரையிலிருந்து பார்க்க, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல அவ்வளவு பக்கத்தில், வெள்ளையாக, ஒன்றும் அறியாததுபோல. நடுவில்தான் கடல். மழைக்காலத்துக்கு முந்தின ஓங்கல் அலை எழும்பி எழும்பி வந்தது, நுரை இல்லாமல், சத்தம் இல்லாமல், வயிறு நிறைந்த மாடு மாதிரி அசைந்து வந்து கரைக்குப் பக்கத்தில் திடீரென்று உடைந்தது. சாமான் படகு அதில் ஏறி இறங்கி அரிசி மூட்டைகளைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தது. "பஹ்லே ராஷன்," என்று படகுக்காரன் சொல்லிவிட்டான், முதலில் அரிசி, பிறகுதான் ஆள். மூட்டை ஈரமாகிவிடக் கூடாதாம். மனுஷன் கறுத்துக்கொண்டே போகலாமோ? பாதாம் மரத்து நிழலில், மருந்தகத்திலிருந்து தூக்கிவந்த பெஞ்சின்மேல் அவள் புருஷன் மத்தியாஸ் கிடந்தான். கண்ணை மூடியிருந்தான். வலது காலைச் சுற்றிக் கம்பவுண்டர் போட்ட துணி நனைந்திருந்தது, ரத்தமுமில்லை சீழுமில்லை, வேறு ஏதோ நிறம். அதைப் பார்க்கக் கூடாது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

நேற்று விடியும்போது வெறும் குளிர்தான். இந்தப் புழுக்கத்தில் குளிருகிறது என்று கம்பளி கேட்டான், அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது, மலேரியாவாக இருக்கும், தோட்டத்து லேபர் லைனில் யாருக்குத்தான் வரவில்லை. பிறகு கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு கத்தினான். அவன் கத்துகிற ஆள் இல்லை. தூண்டில் முள் உள்ளங்கையில் இறங்கி மறுபக்கம் வந்தபோது அதைத் தானே நறுக்கி எடுத்துவிட்டு மீனைக் கழுவப் போனவன். அவன் கத்தினதும் பக்கத்து வீட்டு மாஷி ஓடிவந்தாள், வங்காளத்திலிருந்து வந்து குடியேறின கிழவி, லைனில் எல்லாருக்கும் அவள் மாஷிதான், எட்டிப் பார்த்துவிட்டு "கான்கஜூரா காட்டா ஹோகா" என்றாள், பூரான்தான் கடித்திருக்கும். இந்தத் தீவுப் பூரான் முழங்கை நீளம் வரும், கடித்தால் ஆம்பிளைகளே அழுவார்கள், அதனால் எல்லாரும் நம்பினார்கள், அவளும் நம்பினாள், நம்பத்தானே வேண்டும், பூரானால் யாரும் செத்ததில்லை. சுண்ணாம்பு தடவினார்கள். மத்தியானத்துக்குள் சிவப்பு முழங்காலுக்கு வந்தது. வெயில் சாயும்போது கொப்புளம். தண்ணீர்க் கொப்புளமாக இருந்தால் அவளுக்கு இவ்வளவு நடுக்கம் வந்திருக்காது, அது நாவல்பழ நிறத்தில் இருந்தது, ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் ஒன்றாகின. தோல் இப்படிச் செய்யுமா? உயிரோடு இருக்கிறவன் தோல்?

"என்ன சாப்பிட்டார்?" இன்று காலையில் கம்பவுண்டர் கேட்ட கேள்வி அதுதான். உதயசூரியன் என்று பெயர், மதுரைப் பக்கம், டாக்டர் லீவில் போனதிலிருந்து மருந்தகத்தில் அவர் மட்டும்தான். காலைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பற்றிக் கேட்கிறாரே என்று அவள் விழித்தாள். சோறு, பருப்பு, கருவாடு… "கடல் சாமான் ஏதாவது? நண்டு, சிப்பி, மட்டி?" சிப்பி என்று அவர் வாயில் வந்ததும் அவளுக்குள் ஏதோ நழுவி விழுந்தது. ஞாயித்துக்கிழமை தின்னோம் சார். நானுந்தான் தின்னேன், பிள்ளையும் தின்னா, எங்களுக்கு ஒண்ணும் செய்யலையே. "வேக வச்சா?" நாங்க வேக வச்சு. "அவர்?" அவள் மத்தியாஸைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவரு பச்சையா. எங்க ஊருல அவரு சின்னதிலேருந்தே பச்சையாத்தான் சார். கம்பவுண்டர் அவன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். மஞ்சள். அந்த மஞ்சளை அவள் கிறிஸ்துமஸ் சமயத்திலேயே பார்த்திருந்தாள், விளக்கு வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டாள். "குடிப்பாரோ?" …குடிப்பாரு. காட்டுக்குள்ள காச்சுறதையும் குடிப்பாரு. அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஊசியைக் கொதிக்க வைத்தார். "இது எனக்குச் சரியாத் தெரியாதும்மா. கடல் தண்ணியில ஒரு கிருமி இருக்காம், வெயில் காலத்துல சிப்பிக்குள்ள போய் உக்காந்துக்குமாம், பச்சையாத் தின்னா ரத்தத்துல ஏறும்னு எங்க டாக்டர் ஒருதரம் சொன்னார். ஈரல் கெட்டவங்களுக்கு ரொம்ப மோசமாம். இன்னைக்குக் கப்பல் இருக்கு. போர்ட் பிளேருக்குக் கொண்டுபோயிருங்க. அங்கதான் காலை…" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். காலை என்ன? காலை என்ன சார்? அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நன்றாக இருந்தது. ஓலைக் கோயிலில் பூசை முடிந்து வரும்போதே வற்றுத் தண்ணீர் தொடங்கிவிட்டது, ஓடை கடலில் சேருகிற வாயில் கறுப்புப் பாறையெல்லாம் தலை காட்டியது, மத்தியாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுத்தியலும் கத்தியுமாக இறங்கினான். பெரியதாழைக் கடலில் பிறந்தவனுக்கு இங்கே எண்ணெய்ப்பனை நாற்றங்காலில் பைக்குள் மண் நிரப்புகிற வேலை, வாரம் முழுக்கக் கடலுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாறையில் நிற்கும்போதுதான் அவன் பழைய மத்தியாஸ். ஒரே தட்டு, கத்தி முனையை விட்டு ஒரே நெம்பு, சிப்பி வாயைத் திறந்துவிடும். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து அப்படியே சரித்து விழுங்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "ஏட்டி, இது ராசாக்க திங்கதுட்டீ" என்றான். அவளுக்கு அது ஆகாது, உயிரோடு வழுவழுவென்று தொண்டையில் இறங்குகிற எதையும் அவளால் நினைத்துப் பார்க்கவே முடியாது, அவள் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோய் மிளகும் தேங்காயும் அரைத்துப்போட்டுக் கொதிக்கக் கொதிக்க வைத்தாள். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது, அது இப்போதுதான் ஞாபகம் வருகிறது, ஓடை வாயில் காலை வைத்தபோது வென்னீர் மாதிரி இருந்தது, நல்லாருக்கே என்றுகூட நினைத்தாள். அவள் சிப்பிக் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். அவனும் பிள்ளையும் பின்னால் இருந்தார்கள். எவ்வளவு நேரம் இருந்தார்கள்? உலை கொதித்து, தேங்காய் துருவி… ரொம்ப நேரம்தான் இருந்தார்கள்.

"அம்மா." ஞானசெல்வி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். இன்னும் பள்ளிக்கூடம் சேராத பிள்ளை, மாஷி வாரிவிட்ட தலை, கையில் மாஷி கொடுத்த பொரி. கப்பலில் அவளைக் கூட்டிப்போவதாக இல்லை. நோயாளியும் துணைக்கு ஒரு ஆளும்தான் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார், பிள்ளை மாஷியிடம் இருக்கும், மாஷி நல்லவள், மீன் குழம்பில் கடுகு அரைத்து ஊற்றுவாள், பிள்ளைக்கு அது பிடிக்காது, பரவாயில்லை, பழகிக்கொள்ளும்… "அம்மா, எனக்கும் கால் கறுத்துருமா?" ஏன் மக்கா, உனக்கு ஏன் கறுக்கணும், அப்பாவுக்குப் பூச்சி கடிச்சிட்டு. "பூச்சி இல்லயாம். சிப்பியாம். கம்பவுண்டர் மாமா சொன்னாவ." ஆமா, அப்பா பச்சையாத் தின்னாவ, நாம வேக வச்சுத்தான தின்னோம். பிள்ளை பொரியைக் கீழே கொட்டாமல் கவனமாக ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றியது. "நானும் பச்சையா தின்னேன்." ரீத்தாவுக்குக் கடலின் சத்தம் நின்றுபோனது. "அப்பா கத்தியில வச்சுத் தந்தாவ. ஒண்ணுதான் முழுங்குனேன். இன்னொண்ணு நல்லால்ல, துப்பிட்டேன். அம்மாட்ட சொல்லாதன்னாவ."

ஒன்று. ஒன்றுதானே. அவன் எத்தனை தின்றிருப்பான், எண்ணவே முடியாது, இவள் ஒன்றே ஒன்று, அதுவும் இத்தனூண்டு… ஆனால் இவளும் இத்தனூண்டுதானே, இந்த உடம்புக்கு ஒன்று என்பது எவ்வளவு? ரீத்தா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள், பிள்ளையின் பாவாடையைத் தூக்கிக் காலைப் பார்த்தாள், கெண்டையைப் பார்த்தாள், தொடையைப் பார்த்தாள், கொசு கடித்த தடிப்பு ஒன்று, அது கொசுதானே, நேற்றும் இருந்ததா? நெற்றியில் கை வைத்தாள், சூடு, வெயிலில் நிற்கிற பிள்ளை சூடாகத்தான் இருக்கும், தன் நெற்றியிலும் வைத்துப் பார்த்தாள், எது சூடு எது குளிர் என்று அவள் கைக்கு இனித் தெரியாது. வயிறு வலிக்கா மக்கா? வலிக்கவில்லை என்று தலையாட்டியது. வெளிக்குப் போனியா? போனேன். எப்படிப் போச்சு? பிள்ளைக்கு வெட்கமாக இருந்தது. எப்படிப் போச்சுன்னு கேக்கேன்லா! அவள் கத்தியதில் பிள்ளையின் கையிலிருந்த பொரி மண்ணில் கொட்டியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இதே கேள்வியை நேற்றிலிருந்து வேறொருவனும் கேட்டுக்கொண்டிருக்கிறான். பிள்ள சாப்பிட்டாளா? பிள்ள எங்க? பிள்ள வெளிக்குப் போனாளா? காய்ச்சலில் பிதற்றுகிறான், பாசம், என்று அவள் நினைத்தாள். உம்ம காலப் பாரும், பிள்ள நல்லாத்தான் இருக்கா என்று அதட்டினாள். அவன் தெரிந்துதான் கேட்டிருக்கிறான். கால் அழுகிக்கொண்டிருக்கும்போது அவன் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டே கிடந்தான், இவளிடம் சொல்லாமல், இவள் கத்துவாள் என்று பயந்து, இல்லை, சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்து. எழுந்துபோய் அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. எழுந்து போனாள். அவன் உதடு வெடித்துக் கிடந்தது. துணியை நனைத்து உதட்டில் வைத்தாள். வேறென்ன செய்ய முடியும்?

கம்பவுண்டர் மூட்டைகளுக்கு நடுவே நின்று படகுக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டதும் குனிந்து பிள்ளையின் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், கண்ணைப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையேம்மா. நல்ல உடம்பு. நல்ல உடம்பை அது ஒண்ணும் செய்யாதுன்னுதான்… வயித்தால போகும், வாந்தி வரும், ரெண்டு நாள்ல சரியாயிடும்." சரியாயிருமா சார்? "ஆயிடும்னுதான் நினைக்கிறேன்." நினைக்கிறேன். அந்தச் சொல்லை அவளால் தாண்டிப்போக முடியவில்லை. சத்தியமாச் சொல்லுங்க சார், உங்க பிள்ளையா இருந்தா? அவர் கடலைப் பார்த்தார். "அலையைப் பாருங்க. அந்தப் படகுலேருந்து ஏணிக்குத் தூக்கிக் குடுக்கணும். பெரிய ஆளுங்களே தவறுறாங்க. பிள்ளையை விட்டுட்டுப் போங்க, நான் காலையிலயும் சாயங்காலமும் பார்த்துக்கறேன்." அடுத்த கப்பல் எப்ப சார்? ஹட் பேயில் அந்தக் கேள்விக்கு யாருமே பதில் சொன்னதில்லை. மாஷி பிள்ளையின் கையைப் பிடித்திருந்தாள். விட்டுவிட்டுப் போனால் கரையில் இருக்கும், காலடியில் மண் இருக்கும், தண்ணீரில் விழாது. ஆனால் அவள் போன பிறகு இந்தக் கெண்டையில் ஒரு நாவல்பழம் எழும்பினால்? மாஷி சுண்ணாம்பு தடவுவாள். கம்பவுண்டர் நினைப்பார். கப்பல் இருக்காது. கூட்டிப்போனால் அந்த ஏணி… எது பயம், எது அதைவிடப் பெரிய பயம் என்று தராசில் போட்டுப் பார்க்க அவளுக்கு நேரம் இல்லை, படகுக்காரன் "ஜல்தி கரோ, ஜல்தி" என்று கத்தினான், கடைசி மூட்டை இறங்கிவிட்டது. பெஞ்சைத் தூக்கினார்கள். அவள் மாஷியின் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். "பச்சீ நஹீ, பச்சீ நஹீ!" பிள்ளை கூடாது என்று படகுக்காரன் கையை ஆட்டினான். அவள் நிற்கவில்லை. அவளுக்குத் தெரிந்த இந்தி எல்லாம் மறந்துபோய்விட்டது, தமிழும் மறந்துபோய்விட்டது, படகின் விளிம்பைப் பிடித்துப் பிள்ளையை உள்ளே போட்டுவிட்டு அவளும் ஏறி விழுந்தாள். யாரும் அவளை இறக்கிவிடவில்லை.

ஓங்கல் படகைத் தூக்கியபோது கரை தெரிந்தது, இறக்கியபோது தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. மத்தியாஸ் முனகினான், ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு முனகல். எண்ணெய்ப்பனைத் தோட்டத்து மேஸ்திரி ஒருவர், லீவுக்கு மெயின்லேண்ட் போகிறவர், படகின் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டுவிட்டார். கப்பல் அருகே வரவர மதில் மாதிரி உயர்ந்துகொண்டே போனது, துருப் பிடித்த மதில், அது மேலே போகும்போது இவர்கள் கீழே, அது கீழே வரும்போது இவர்கள் மேலே. ஏணியின் கீழ்ப்படியில் ஒரு கப்பல்காரன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். "பச்சீ கோ தோ!" பிள்ளையைக் கொடு. எப்போது கொடுப்பது? இப்போதா, இல்லை, இப்போது நடுவே இரண்டு ஆள் அகலத்துக்குத் தண்ணீர், கறுப்பாக உறிஞ்சுகிற தண்ணீர், இப்போதா… பிள்ளை அவள் கழுத்தை விடவில்லை, அவள்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள், சொந்தப் பிள்ளையின் விரல்களை, மேரி மாதாவே, படகு எழும்பியது, நீட்டினாள், கையில் கனம் இல்லாமல் போனது. கண்ணைத் திறந்தபோது பிள்ளை அந்த ஆளின் தோளில் இருந்தது. அவன் சிரித்தான். மத்தியாஸைப் பெஞ்சோடு கயிற்றில் கட்டி மேலே இழுத்தார்கள், பெஞ்சு கப்பல் பக்கத்தில் இடித்தது, அவன் கத்தினான், ஆனால் கத்துகிறான், கத்துகிறவனுக்கு உயிர் இருக்கிறது.

மேல்தட்டில், பாய்மரத் துணி கட்டின நிழலில் அவனைக் கிடத்தினார்கள். கப்பலில் டாக்டர் கிடையாது, காலையில் போர்ட் பிளேர் ஜெட்டிக்கு ஆஸ்பத்திரி வண்டி வரச்சொல்லி வயர்லெஸ்ஸில் சொல்லிவிடுகிறோம் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார், காலையில், காலை வரை. நங்கூரம் தூக்குகிற சங்கிலி கடகடவென்று அடிவயிற்றில் இழுத்தது. கப்பல் திரும்பியது. சுற்றிலும் ஆட்கள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள், மேஸ்திரி வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார், ஒரு பெண் சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். ஞானசெல்வி அவள் மடியில் சும்மா இருந்தது, ரொம்பச் சும்மா இருந்தது, பிறகு "அம்மா" என்றது, "அம்மா, ஒரு மாதிரி…" என்று சொல்லி முடிக்குமுன் வாந்தி எடுத்தது. பொரி, தண்ணீர், மறுபடி தண்ணீர். ரீத்தா இரண்டு கையிலும் அதை ஏந்திப் பார்த்தாள், என்னத்தைப் பார்க்கிறாள், கிருமிக்கு நிறம் உண்டா? கடல் ஒத்துக்கலை, சின்னப் பிள்ளைதானே, என்று முந்தானைப் பெண் சொன்னாள். ஆமாம். கடல்தான். எல்லாரும்தானே எடுக்கிறார்கள். கையைக் கழுவினாள், பிள்ளையின் வாயைத் துடைத்தாள், காலைப் பார்த்தாள், மறுபடி காலைப் பார்த்தாள்.

"யாரு வாந்தி எடுத்தா?" மத்தியாஸின் குரல். கண் திறந்திருந்தது, மஞ்சளாக, இவளைத் தாண்டிப் பிள்ளையைத் தேடிக்கொண்டு. பிள்ளைதான், கடலு ஆட்டுதுல்லா, எல்லாரும் எடுக்காவ, நீரு சும்மா கிடயும் என்றாள். நாக்கால் உதட்டைத் தேடினான். "அவ கடல்ல எடுத்ததே இல்லயேட்டி" என்றான்.

இல்லைதான். மெட்ராஸிலிருந்து வந்த கப்பலில், நடுக்கடலில் பிடித்த புயலில், மாலுமிகளே படுத்துக் கிடந்தபோது இந்தப் பிள்ளை அப்பளம் கேட்டு அழுதது, கப்பல் மேல்தட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு உருண்டு உருண்டு சிரித்தது, கடல்காரன் பிள்ளை என்று கப்பல் சமையல்காரன் கூப்பிட்டு வாழைப்பழம் கொடுத்தான். ஆனால் அப்போது கைப்பிள்ளை மாதிரி, வளர்ந்தால் மாறாதா, காலையிலிருந்து வெயில், வெறும் பொரி, பயம் வேறு, பயத்தில் வராதா… அவள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கப்பல் முக்கிக்கொண்டு இறங்கியது, வானம் சரிந்தது, பக்கத்தில் நின்ற ஆள் ஓங்கரித்தான். அவளும் நேற்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை, அவளும் காலையிலிருந்து வெயிலில்தான் நின்றாள், அவளுக்கு இருந்த பயம் யாருக்கு இருந்தது? வரட்டும். தனக்கும் ஒருதரம் குமட்டிவிட்டால் போதும், கடல்தான் என்று ஆகிவிடும், அவனிடமும் போய்ச் சொல்லிவிடலாம். வாயைத் திறந்து குனிந்து நின்றாள். கப்பல் மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. அவள் காத்துக்கொண்டே நின்றாள். கடற்கரையில் பிறந்த அந்த வயிறு கல்லுப்போல அசையாமல் இருந்தது.